விண்கல்லின் மேலோடு

வளிமண்டலம் விண்கல்லின் தோலை மாற்றுகிறது. உள்ளே அதன் கை எட்டுவதில்லை. நொடிக்கு 11 முதல் 72 கி.மீ. வேகத்தில் நுழையும் கல்லின் முன்னே காற்று நசுங்கிக் கொதிக்கிறது (உராய்வு என்னும் வழக்கமான விளக்கம் பாதி உண்மையே). மேற்பரப்பு உருகி வழிகிறது, ஆவியாகிறது. பறப்பு சில நொடிகளே. கல்லோ வெப்பத்தை மெல்லக் கடத்தும். எனவே எஞ்சுவது ஒரு மி.மீ. அளவே தடித்த கரிய மேலோடும் விரல் பதித்தாற்போன்ற குழிகளும்தான். 1857-இல் தென்தமிழகத்தில் விழுந்த பார்னல்லி விண்கல்லின் உள்ளே ஆதி உருண்டைமணிகள் (காண்ட்ரூல் எனப்படும் சிறு கோளங்கள்) தெளிவாக உள்ளன. 2008-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சூளகிரியில் விழுந்ததிலோ அவை மங்கிக் கலந்துள்ளன. இரண்டும் கடந்தது ஒரே காற்றை. ஆகவே அந்த வேறுபாடு, கற்கள் உடைந்து பிரிந்த தாய்ச் சிறுகோளின் பழைய வெப்பம் தந்தது.

மாமல்லபுரத்துக் குன்றுச் சரிவில் நிற்கும் வெண்ணெய்த் திரள் பாறையை ‘வான் இறைக் கல்’ என்றும் சொல்வதால், அதை விண்கல் எனக் கருதுவோர் உண்டு. மேலோடு மழையிலும் உப்புக்காற்றிலும் தேய்ந்திருக்கலாமே என்பது அவர்கள் வாதம். தேயலாம், ஆனால் உட்பொருள் மாறாது. இதன் உட்பொருளோ அது நிற்கும் குன்றின் பாறையேதான். மேலும், அத்தனை பெரிய கல்லின் வேகத்தைக் காற்றால் போதிய அளவு தணிக்க இயலாது. விழுந்திருந்தால் சரிவு நொறுங்கியிருக்கும்.