தண்ணீர்த் தொட்டியும் மீட்டர் பெட்டியும்

சென்னையிலோ பெங்களூரிலோ ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் இருவகைக் காட்டுத் தேனீக்கள் குடியேறலாம். மேல்நிலைத் தொட்டியின் அடியில் மலைத்தேனீ. கீழே மீட்டர் பெட்டிக்குள் அடுக்குத்தேனீ. எதைப் பார்த்தாலும் குடியிருப்போர் சொல்வது, "கலைச்சு விடுங்க" என்பதுதான். இரண்டுக்கும் அந்த ஒரே வைத்தியம் பொருந்தாது.

மலைத்தேனீக்குச் சுவரில்லாத வாழ்க்கை. காட்டில் செங்குத்துப் பாறையிலும் உயர்ந்த கிளையின் அடியிலும் ஒற்றை அடையைத் தொங்கவிடும். ஒரு மீட்டருக்கும் அதிக அகலமான அடைகள் உண்டு. தொட்டியடியும் சன்ஷேடும் அதன் கண்ணுக்குப் பாறை விளிம்புகள்தாம். சுவருக்குப் பதில் தேனீக்களே ஒன்றையொன்று பற்றி, பல அடுக்குப் போர்வையாய் அடையை மூடி, மழையையும் வெயிலையும் உடம்பில் வாங்கிக்கொள்கின்றன. குளவி நெருங்கினால் போர்வையில் அலையொன்று ஓடும். நூற்றுக்கணக்கானவை அடுத்தடுத்து வயிற்றை உயர்த்தி இறக்குவதால் எழும் அலை அது. கல்லெறிந்தாலோ தேன்பருந்து அடையைக் கிழித்தாலோ அலையோடு நிற்காது. கொட்டிய இடத்தில் தங்கும் வாசனை மற்றவற்றையும் அங்கேயே இழுக்கும். உயிர்கள் போயிருக்கின்றன; மக்களின் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

அடுக்குத்தேனீ பொந்துவாசி. மரப்பொந்துக்குப் பதிலாக மீட்டர் பெட்டி, சுவர் இடுக்கு என இருட்டான இடம் பிடித்து, பெயருக்கேற்ப அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும். சிறிய வாசலைச் சில காவல் தேனீக்களே பார்த்துக்கொள்ளும். பெருங்குளவி வந்தால் உருண்டையாக மொய்த்து, உடற்சூட்டை ஏற்றியே கொன்றுவிடும். மனிதரிடம் மலைத்தேனீயைவிட இது சாது.

குடி பிரியும் காலத்தில் ராணியோடு ஒரு கூட்டம் வெளியேறிக் கிளையில் கொத்தாகத் தொங்கும். இரண்டாம் உலகப் போரில் இடிந்த மியூனிக்கில், மார்ட்டின் லிண்டாவர் என்ற ஆய்வாளர் அப்படியொரு கொத்தின்மேல் செங்கல் தூளும் கரியும் படிந்த தேனீக்கள் நடனமாடக் கண்டார். அவை பூவுக்குப் போய் வந்தவை அல்ல. இடிபாடுகளிலும் புகைபோக்கிகளிலும் வீடு பார்த்துவிட்டு வந்தவை. அவை ஐரோப்பியத் தேனீக்கள். நம் அடுக்குத்தேனீயும் இப்படித்தான் வேவு அனுப்பிப் பொந்து தேடும். அடையில்லாத அந்தக் கொத்துக்குக் காக்கப் புழுவும் இல்லை, தேனும் இல்லை. தொந்தரவு செய்யாவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும்.

அடை கட்டியபின்தான் வழிகள் பிரிகின்றன. அடுக்குத்தேனீயைப் பெட்டியில் வளர்க்கலாம். மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்போருக்கு இது பழகிய வேலை: மாலையில் அடைகளை அறுத்து, சட்டங்களில் வாழைநாரால் கட்டி, ராணியைப் பெட்டிக்குள் சேர்த்துவிட்டால் மற்றவை பின்தொடரும். மலைத்தேனீயிடம் இது நடக்காது. திறந்தவெளிக்குப் பிறந்ததை இருட்டுப் பெட்டியில் அடைக்க முடியாது. ஆனால் அது நிரந்தரக் குடியல்ல. சில மாதங்களில் பூக்கள் குறைந்ததும் அடையை விட்டுவிட்டு வெகுதூரம் போய்விடும். ஆள் நடமாட்டமில்லாத உயரத்தில் இருந்தால், மாடிக்கதவைப் பூட்டிக் காத்திருப்பதே போதும். பள்ளி ஜன்னலோரமாக இருந்தால் மட்டும் அனுபவமுள்ள தேனெடுப்பவரை அழைக்கவேண்டும். தீப்பந்தம் பிடித்து எரிப்பவர்களைத் தடுக்கவேண்டும். புழுவும் ராணியுமாக மொத்தக் குடியும் கருகிவிடுகிறது.

எரிக்காமல் விட்ட குடி திரும்பி வரவும் கூடும். போன குடியே பழைய இடத்துக்கு மீண்டதை அசாமில் நடந்த மரபணு ஆய்வு காட்டியது. காலி அடை உதிர்ந்தபின் தொட்டியடியில் ஒரு மெழுகுக் கறை எஞ்சும். அடுத்த பூக்காலத்தில் மாடிக்கு ஏறும்முன் அண்ணாந்து பார்க்கவேண்டிய இடம் அது.