புற்றுக்காளானின் வேர்



சிறுவயதில், இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடியலிலேயே அப்பத்தா என்னைப் புற்றுமேட்டுக்குக் கூட்டிப்போவாள். காளானைப் பிடுங்க விடமாட்டாள். குச்சியால் தோண்டச் சொல்வாள். "வேரு நீளமா புத்துக்குள்ள போகுதா பாரு. இல்லைன்னா தொடாத."

தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கோனிக், தஞ்சைப் பகுதிக் கரையான்களைப் பற்றி 1779இல் எழுதினார். புற்றுக்குள் பூஞ்சை வளர்வதையும் குறித்தார். 1847இல் இலங்கைப் புற்றுக்காளான் ஒன்றுக்குப் பெர்க்லி வைத்த பெயர் 'யூரைசஸ்'. பொருள், நல்ல வேருள்ளது. அப்பத்தா பார்த்த அதே அடையாளம்! 1942இல் ரோஜர் ஹைம் இவற்றுக்கு 'டெர்மிட்டோமைசிஸ்' என்று பேரினப் பெயர் தந்தார். 1979இல் நம் நடராஜன் ஓர் இனத்துக்கு அந்த ஹைமின் பெயரையே சூட்டினார்.

போன ஐப்பசியில் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் புல்தரைக் காளானைச் சமைத்துத் தின்று மருத்துவமனையில் கிடந்தது. மிச்சத்தைப் பார்த்தேன். குடையின் அடிமடிப்பில் பச்சை ஓடியிருந்தது, நீளவேர் இல்லை.

வேர் ஒன்றை மட்டும் நம்பியும் சமைக்கக் கூடாது. படம் அனுப்பி "சாப்பிடலாமா சார்?" என்று கேட்காதீர்கள். படத்தில் வேர் தெரியாது. ஊரில் விவரம் தெரிந்த பாட்டி இருந்தால், இந்த மழைக்கே கூடப் போங்கள்.