கண்டி வீதியின் வழிக்காவல்

கண்டி வீதியின் வழிக்காவல்: கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே வண்டியில் செல்வோரையும் அவர்தம் பொருளையும் தாக்குதலிலிருந்து காப்பதற்குக் கையாளப்பட்ட முறைகளின் வரலாறும், அவற்றில் துப்பாக்கி பெற்ற இடமும். வாகனத்துக்குள் இருந்தபடியும் அதன் அருகில் நின்றபடியும் கைத்துப்பாக்கியைக் கையாளுவது இன்று பல நாடுகளின் பொலிஸ் பயிற்சியில் தனிப் பாடமாக உள்ளது. இலங்கையில் அதன் முன்வரலாற்றைத் தேடுவோர் இவ்வீதியில் உள்ள மாவனல்லையின் 19ஆம் நூற்றாண்டுக்குத்தான் போயாக வேண்டும்.

வீதிக்கு முன்

கண்டி அரசர் காலத்தில் மலைநாட்டுக்குச் சக்கர வண்டி ஏற வழியே இருக்கவில்லை. அப்படி வைத்திருந்ததும் ஒரு காவல் முறைதான். ஒற்றையடிப் பாதைகள், பலனைக் கணவாய், முட்கதவிட்ட கடவத்தைகள் ஆகியவையே தலைநகரின் அரண். 1594இல் தந்துறையில் போர்த்துக்கேயரும், 1803இல் வட்டபுளுவையில் ஆங்கிலேயரும் இந்த நிலத்தை அறியாது வந்து அழிந்தனர். கண்டிய கம்மாளர்கள் துப்பாக்கி செய்வதில் பெயர் பெற்றிருந்தனர். வெள்ளியும் தந்தமும் பதித்த அவர்களது நெடுந்துப்பாக்கிகள் சண்டைக்கருவி என்பதைத் தாண்டிய அழகுடையவை. 

அஞ்சல் கோச்சு

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசனின் பொறுப்பில் கண்டி வீதி வெட்டப்பட்டது. டோசன் 1829இல் இறந்தார். கடுகண்ணாவை உச்சியில் நிற்கும் கோபுரம் அவர் நினைவாக எழுந்தது. 1832 பெப்ரவரியில் இவ்வீதியில் குதிரை அஞ்சல் கோச்சு ஓடத் தொடங்கியது. ஆசியாவின் முதல் அஞ்சல் கோச்சு இதுவே எனப் பலரும் எழுதுவர். இங்கிலாந்தில் 1784 முதலே இவ்வகைக் கோச்சின் பின்புறத்தில் அகன்ற வாய்த் துப்பாக்கியும் இரண்டு கைத்துப்பாக்கிகளும் ஏந்திய காவலாளி அமர்ந்து சென்றார். அக்காலக் கைத்துப்பாக்கியை ஒரு முறை சுட்டால் மருந்தும் குண்டும் மறுபடி இட்டாக வேண்டும். ஓடும் வண்டியில் அதற்கு அவகாசம் கிடையாது. ஆகவே முதல் வேட்டு தவறினால் குதிரைகளின் வேகமே காவல்.

மாட்டுக் கரத்தைக்கு அந்த வேகமும் இல்லை. கோப்பி இறங்கியதும் அரிசி ஏறியதும் கரத்தையில்தான். கரத்தைக்காரர்கள் கூட்டமாகச் செல்வதையும், இருட்டுமுன் அம்பலம் எனும் வழித்தங்கல் மண்டபத்தில் தங்குவதையும் தம் காவலாகக் கொண்டனர். கடுகண்ணாவையில் வீதியோரமாக அப்படியான அம்பலம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஓடுவேய்ந்த அந்தச் சிறு மண்டபத்தில் தங்கியோரின் பெயர்களை வரலாறு பெரும்பாலும் குறித்துவைக்கவில்லை என்றாலும், கண்டி வீதியின் பயணிகளில் பலர் அவர்களைப் போன்றோரே. தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரோ பெரும்பாலும் கால்நடையாகவே வந்தனர்.

சரதியேலும் 1864உம்

வழிக்காவல் பற்றி நாம் ஓரளவு விரிவாக அறியும் காலம் 1864ஐ ஒட்டியது. மாவனல்லைக்கு அருகே வீதியைப் பார்த்தபடி எழும் உதுவன்கந்தைப் பாறையை ஒளிவிடமாகக் கொண்டு சரதியேல் என்ற இளைஞன் வழிப்பறி நடத்தினான். அவன் பிறந்த ஆண்டு பற்றி ஒருமித்த கருத்தில்லை. 1832 என்பதே பரவலாக வழங்குகிறது. இளமையில் கொழும்புப் படைமுகாமில் ஏவலாளாக இருந்தபோது துப்பாக்கி பழகினான் என்பர். அவனது குழுவில் சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தனர். நெருங்கிய தோழனான மம்மலி மரிக்கார் சோனகர். கோப்பிப் பணம் புழங்கிய வீதி அது. காசோடு பயணித்த வணிகரும், வட்டித்தொழில் செய்த செட்டிமாரும் அவனுக்கு அஞ்சினர். பறித்ததை ஏழைகளுக்குக் கொடுத்தான் என்ற பேச்சு மக்களிடையே ஆழமாக ஊன்றியுள்ளது. நீதிமன்றத்தில் அவன் கொலைக்குற்றவாளி. ஒரே ஆளைப் பற்றிய இந்த இரு சித்திரங்களில் எது உண்மைக்கு நெருக்கமானது என்பதில் ஆய்வாளர் உடன்படுவதில்லை.

அவனைப் பிடிக்கும் பொறுப்பு கேகாலை உதவி அரசாங்க அதிபர் சோண்டர்ஸிடம் இருந்தது. பல முயற்சிகள் தோற்றன. கடைசியில் பலித்தது ஆயுதமல்ல, தகவல்: குழுவைச் சேர்ந்த சிறிமலை என்பவன் அரச தரப்புக்கு மாறினான். 1864 மார்ச் 21 அன்று மாவனல்லையில் சரதியேலும் மரிக்காரும் தங்கியிருந்த வீட்டைச் சிறு பொலிஸ் அணி நெருங்கியது. வீட்டின் மேலே இருந்தவர்கள் மறைவிலிருந்து சுட்டார்கள். கீழே வந்தவர்களுக்கு மறைப்பில்லை. பொலிஸ் கொன்ஸ்தாபிள் துவான் சபான் குண்டுபட்டு இறந்தார். சுட்டது மரிக்கார் என்றே பெரும்பாலான குறிப்புகள் கூறுகின்றன. சரதியேலும் காயப்பட்டான். அவனைக் காயப்படுத்திய வேட்டைத் தீர்த்தவர் வான் ஹாக்ட் என்பவர் என்று ஒரு சாராரும், அணியின் சார்ஜன்ட் என்று மறுசாராரும் சொல்வர். கேகாலையிலிருந்து இலங்கை ரைபிள் படையினர் வந்து சேர்ந்தபின் இருவரும் பிடிபட்டனர்.

சபான் மலாய் இனத்தவர். கடமையில் உயிர்நீத்த முதல் இலங்கைப் பொலிஸ்காரராக அவர் மதிக்கப்படுகிறார். மார்ச் 21 ஆண்டுதோறும் பொலிஸ் வீரர்கள் நாளாக நினைவுகூரப்படுகிறது. சரதியேலைப் பற்றிக் கதையும் கூத்தும் திரைப்படமும் உண்டு. சபானுக்கு அந்த ஒரு நாள்தான். இந்த வீதியின் வரலாற்றை எழுதும் எவரும் அவர் பெயரை முதலில் எழுதுவதே முறை. சரதியேலும் மரிக்காரும் கண்டியில் விசாரிக்கப்பட்டு, 1864 மே 7 அன்று அங்கேயே தூக்கிலிடப்பட்டனர்.

1865இல் பொலிஸ் கட்டளைச் சட்டம் வந்தது. 1866 செப்டெம்பரில் கேம்பல் என்பவர் பொலிஸின் தலைமைப் பொறுப்பேற்று, கிராமப்புறத்துக்கும் பொலிஸை விரித்தார். மாவனல்லைச் சம்பவமே இதற்குத் தூண்டுகோல் என்பர் சிலர். வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. காசும் கோப்பியும் தண்டவாளத்துக்கு மாறின. வீதி அமைதியானதில் துப்பாக்கியைவிட ரயிலுக்கே பங்கு அதிகம் எனக் கருத இடமுண்டு.

20ஆம் நூற்றாண்டு

1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமத்துக்கு உட்படுத்தியது. 1971 ஏப்ரலில் அரசுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில், இவ்வீதி ஊடறுக்கும் கேகாலை மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

1984இல் அமைக்கப்பட்ட பொலிஸின் விசேட அதிரடிப் படை களுத்துறையை அடுத்த கட்டுகுருந்தையில் பயிற்சி பெற்றது. தொடக்கத்தில் பயிற்றுவித்தவர்கள் கே.எம்.எஸ். என்ற பிரித்தானியத் தனியார் நிறுவனத்தினர். அவர்களில் பலர் முன்னாள் சிறப்புப் படையினர். பிரமுகர் பாதுகாப்பு பின்னர் இப்படையின் பணிகளில் ஒன்றாயிற்று. இப்படை மீது, குறிப்பாகக் கிழக்கில், தமிழ்ப் பொதுமக்களைக் கொன்றதாகப் பாரதூரமான குற்றச்சாட்டுகள் உள்ளன. கே.எம்.எஸ். பற்றி லண்டன் பொலிஸ் 2020இல் விசாரணை தொடங்கியது.

வாகனத்தில் செல்வோரைக் காக்கும் பயிற்சிகளின் அடிப்படை எங்கும் ஏறத்தாழ ஒன்றே. வாகனத்தின் கதவுத் தகடு குண்டைத் தடுக்காது. எஞ்சின் பகுதியும் சக்கரமுமே ஓரளவு மறைப்பு. இருக்கைப் பட்டியோடு போராடாமல் இறங்கவும், உடன் இருப்பவரின் மேல் குழல் திரும்பாமல் துப்பாக்கியை எடுக்கவும் பழக வேண்டும். வண்டி ஓடுமானால் நின்று சுடுவதைவிட ஓட்டிச் செல்வதே மேல்.

1998 ஜனவரி 25 அதிகாலை, வெடிமருந்து ஏற்றிய லொறி கண்டி நகரில் தடைகளை உடைத்துத் தலதா மாளிகையின் வாயிலில் வெடித்தது. லொறியில் வந்தவர்கள் காவலரைச் சுட்டுக்கொண்டே வந்தனர். இறந்தோர் தொகை குறிப்புக்குக் குறிப்பு மாறுபடுகிறது. தாக்கியவர்களையும் சேர்த்துப் பதினாறு, பதினேழு எனப் பரவலாகக் காணப்படுகிறது. ஐம்பதாவது சுதந்திர தின விழா கண்டியிலிருந்து கொழும்புப் பக்கம் மாற்றப்பட்டது. மாளிகைக்கு முன்னுள்ள வீதி வாகனப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. விரைந்து வரும் லொறிக்கு எதிரே கைத்துப்பாக்கிக்கு ஏறக்குறைய வேலையில்லை என்பதை இத்தாக்குதல் காட்டியது.

அண்மைக்காலம்

2018இல் கண்டி மாவட்டத்தின் தெல்தெனிய அருகே வீதியில் எழுந்த தகராறில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் இறந்தார். அதைத் தொடர்ந்து திகன முதலான இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. ஊரடங்கு விதிக்கப்பட்டு விசேட அதிரடிப் படை இறக்கப்பட்டது.

தற்பாதுகாப்புக்காகப் பொதுமக்களுக்குக் கைத்துப்பாக்கி வழங்குவது பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்கு உட்பட்டது. அவ்வாறு வழங்கிய சுடுகலன்களை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு அவ்வமைச்சு 2024 இறுதியில் பணித்தது.