வேட்டைக்காரரின் சிறிய பைனாகுலர்

ஜெர்மனியின் யேனா நகரிலிருந்த கார்ல் ஸைஸ் தொழிலகம் 1894-ல் பட்டகம் பொருத்திய பைனாகுலர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவற்றின் அளவுகள் 4×11, 6×15, 8×20. முதல் எண் உருவம் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் சொல்கிறது. இன்றைய கடைகளில் பாக்கெட் பைனாகுலர் என்று கிடைப்பதும் பெரும்பாலும் அந்த 8×20 அல்லது அதை ஒட்டிய அளவுதான். பெரிய கருவியைக் காலப்போக்கில் சுருக்கிச் சுருக்கிக் கையடக்கமாக்கினார்கள் என்று எண்ணத் தோன்றும். நடந்தது வேறு. சிறியதுதான் முதலில் வந்தது. ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் அதைக் கைவிட்டுப் பெரியதற்குப் போனார்கள். முக்கால் நூற்றாண்டு கழித்து அரை மனதோடு சிறியதற்குத் திரும்பினார்கள்.

இரு கண்ணாலும் பார்க்கும் ஆசை தொலைநோக்கி அளவுக்கே பழையது. 1608-ல் மிடில்பர்க் நகரக் கண்ணாடிக் கைவினைஞர் ஹான்ஸ் லிப்பர்ஹே தம் கருவிக்குக் காப்புரிமை கேட்டு டச்சு அரசப் பேரவையிடம் போனபோது, இரு கண்ணுக்கும் பொருந்துமாறு, அதுவும் படிகக் கல்லில் செய்து தரும்படி கேட்டார்கள். செய்து கொடுத்துப் பணமும் பெற்றார். காப்புரிமை மட்டும் கிடைக்கவில்லை. அந்த வித்தை அதற்குள் வேறு சிலருக்கும் தெரிந்திருந்தது. முன்னே குவிவில்லை, கண்ணருகே குழிவில்லை என்ற அந்த அமைப்புதான் பின்னாளில் நாடக அரங்குக் கண்ணாடியாகவும், சற்றுப் பெரிதாகிப் படைவீரரும் வேட்டைக்காரரும் கழுத்தில் மாட்டிய களக் கண்ணாடியாகவும் ஆனது. உருவம் நேராகத் தெரியும், வெளிச்சத்துக்கும் குறைவில்லை. ஆனால் மூன்று நான்கு மடங்கைத் தாண்டினால் காட்சி சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் குறுகிவிடும். அதனால் கூடுதல் உருப்பெருக்கம் வேண்டியவர்கள் ஒற்றைக்கண் தொலைநோக்கியை நம்பியிருந்தார்கள். ஸ்காட்லாந்தின் மலைச்சரிவுகளில் மான் தேடியவர்கள், இழுத்து நீட்டும் பித்தளைக் குழாயை முழங்காலில் தாங்கி, மல்லாந்து சாய்ந்து படுத்தபடி எதிர்ச்சரிவைத் துழாவுவது வழக்கம்.

இரண்டு குவிவில்லைகளை வைத்தால் காட்சி அகலும் என்று 1611-லேயே வானியலாளர் கெப்ளர் காட்டியிருந்தார். ஆனால் அதில் உருவம் தலைகீழாகத் தெரியும். அதை நிமிர்த்தக் கூடுதல் வில்லைகளைச் சேர்த்தால் குழாய் நீண்டுபோகும். இத்தாலியப் பொறியாளர் இக்னாசியோ போர்ரோ 1854-ல் வேறு வழி கண்டார். இரண்டு பட்டகங்களுக்குள் ஒளியை நான்கு முறை திருப்பினால் உருவம் நிமிர்கிறது. ஒளிப்பாதை மடிவதால் குழாயும் குட்டையாகிறது. கையடக்கத்தின் மூலவேர் இதுவே. ஆனாலும் அன்றைய கண்ணாடியின் தரம் இதற்குப் போதவில்லை. போர்ரோவின் வேலையை அறியாமலே யேனாவின் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873 வாக்கில் இதே அமைப்பை எட்டி, அதே தடையில் முட்டி நின்றார். 1884-ல் கண்ணாடி வல்லுநர் ஓட்டோ ஷாட்டோடு சேர்ந்து யேனாவில் கண்ணாடி ஆலை தொடங்கிய பிறகுதான் தெளிவான பட்டகம் வார்க்க முடிந்தது. போர்ரோ முந்திக்கொண்டதால் பட்டகத்துக்கு உரிமை கோர இயலவில்லை. ஆகவே முன்வில்லைகளைக் கண்களின் இடைவெளியைவிட அகல நிறுத்தி ஆழவுணர்வைக் கூட்டும் அமைப்புக்கு ஸைஸ் காப்புரிமை வாங்கியது. 1908-ல் அது காலாவதியானதும் போட்டியாளர்கள் சந்தைக்குள் புகுந்தார்கள்.

இத்தனை நேர்த்தியான 8×20 வேட்டைக்குப் போதாமல் போனதற்குக் காரணம் எளிய வகுத்தல் கணக்கு. முன்வில்லையின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×20-க்கு அது 2.5 மி.மீ. பட்டப்பகலில் கண்மணியும் அவ்வளவுதான் திறந்திருப்பதால் குறையேதும் தெரியாது. இருட்டில் இளம் கண்மணி ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். வந்து விழுவதோ அதே 2.5. மத்திய ஐரோப்பாவில் மானும் காட்டுப்பன்றியும் வெளியே வருவதும் அந்தக் கருக்கலில்தான். வேட்டைக்காரர் வயலோரப் பரணில் ஏறி அமர்ந்து காத்திருப்பார். விலங்கின் பால், வயது, கொம்பின் நிலை ஆகியவற்றைக் கண்டறிந்த பிறகே சுட வேண்டும் என்பது அங்கே மரபு. சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரம் கழிந்தால் ஜெர்மன் சட்டப்படி இரவு. காட்டுப்பன்றி தவிர்த்த குளம்பு விலங்குகளை அதன்பின் சுடுவது பொதுவாகத் தடை. அனுமதிக்கப்பட்ட அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரத்துக்காகவே 7×42, 7×50, 8×56 எனப் பருத்த கருவிகள் பரணுக்கு வந்தன. 8×56 தரும் கற்றை முழு ஏழு மில்லிமீட்டர். எடை ஒரு கிலோவை ஒட்டியது.

தயாரிப்பாளர்கள் அந்திக் காரணி என்றும் ஓர் எண்ணை அச்சிட்டார்கள். மடங்கையும் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அது வரும். சிறிய கருவி வாங்குபவரை இது எளிதில் ஏமாற்றும். 10×25-க்கு இந்த எண் 15.8, 8×30-க்கு 15.5. காகிதத்தில் முன்னது வெல்கிறது. கற்றையின் அகலமோ முன்னதில் 2.5, பின்னதில் 3.75. மரநிழலில் எது வெளிச்சமாகத் தெரியும் என்பதை இந்த இரண்டாம் கணக்கே சொல்லும்.

மலையில் கதை வேறு. ஆல்ப்ஸில் ஷாம்வா எனும் மலையாட்டைத் தேடுபவர் பகல் முழுக்க ஏறி நடப்பவர். ஒவ்வொரு கிராமும் கழுத்தில் உறைக்கும். 1920-ல் வந்த ஸைஸின் 8×30 டெல்ட்ரின்டெம் பகல் வேட்டைக்கும் நடைக்கும் இசைந்த நடுவழியாக அமைந்தது. இன்னொரு பக்கம் வெட்ஸ்லார் நகரின் ஹென்சோல்ட் தொழிலகம் 1905-ல் டயாலிட் வகையைக் கொண்டுவந்தது. அதிலிருந்தவை கூரை வடிவப் பட்டகங்கள். அவற்றில் ஒளி ஏறத்தாழ நேர்கோட்டிலேயே வெளியேறுவதால் குழாய்கள் ஒல்லியாக, நேராக அமையும். மேலங்கிக்குள் வைக்கவும் தோதாக இருக்கும். ஆனால் அந்தக் கூரையின் விளிம்பை இம்மியும் பிசகாமல் சீவ வேண்டும். அதனால் விலை ஏறியது.

1935-ல் ஸைஸின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்ணாடிப் பரப்பில் மிக மெல்லிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சுக்குக் காப்புரிமை பெற்றார். பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு ஒளியைத் திருப்பிவிடும். பத்துப் பரப்புகள் கொண்ட கருவியில் நுழையும் ஒளியில் நாற்பது விழுக்காடு வரை வீணாகிவிடும். முதலில் படைத்துறை ரகசியமாக வைத்திருந்த இந்தப் பூச்சு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேட்டைக் கண்ணாடிகளுக்கும் வந்தது. கூரைப் பட்டகத்துக்கு மட்டும் ஒரு குறை மிஞ்சியது: கூரை விளிம்பில் பிரியும் ஒளி அலைகள் சற்றே முன்பின்னாகச் சேர்வதால் நுண்விவரம் மங்கும். 1988-ல் ஸைஸ் அதற்கும் ஒரு பூச்சு கண்டது.

இந்த முன்னேற்றங்களுக்கு நடுவேதான் 8×20 திரும்பி வந்தது. 1960-களின் இறுதியில், போருக்குப் பின் இரண்டாகப் பிரிந்த ஸைஸின் மேற்கு ஜெர்மன் நிறுவனம், இரட்டைக் கீல் வைத்து உள்ளங்கையளவுக்கு மடியும் வகையை வெளியிட்டது. வெட்ஸ்லாரின் லைட்ஸ் தொழிலகமும் பின்தொடர்ந்தது. எடை கால் கிலோவை ஒட்டியது. பூச்சுகளால் 1894-ன் மூதாதையைவிடப் பலமடங்கு தெளிவான கருவி இது. என்றாலும் பூச்சு நுழைந்த ஒளியைக் காக்குமே தவிர, நுழையாத ஒளியைக் கொண்டுவராது, 2.5 மி.மீ. கற்றை அப்படியே இருக்கிறது. கற்றை குறுகியதாக இருப்பதால் கண்ணை இம்மி நகர்த்தினாலும் காட்சி கறுத்துவிடும். இரண்டு கீல்களையும் ஒவ்வொரு முறையும் சரிசெய்தாக வேண்டும். கருவியின் எடை குறைந்ததால் கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும். சிறிய உடலில் பத்து மடங்கைவிட எட்டு மடங்கு நல்லது என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். மடங்கைக் கூட்டிக் குறைக்கும் மலிவான வகைகள் வேட்டைக்கு உதவாது.

ஆக, பகலில் அடர்ந்த மரங்களுக்கிடையே கிட்டத்து விலங்கை உறுதிசெய்யவும், பெரிய தொலைநோக்கியை முதுகில் சுமப்பவர் துணையாகச் சட்டைப்பையில் வைக்கவும் 8×20 போதும். பரணுக்கு ஏற்றதல்ல. ஒரே கருவி மட்டும் வாங்குபவர்களில் பலர் 8×30, 8×32 அளவில் போய் நின்றார்கள். நைட்ரஜன் நிரப்பி மூடியதால் உள்ளே ஆவி படியாத, ரப்பர் உறை போட்டதால் துப்பாக்கியில் இடித்தாலும் ஓசை எழாத வகைகள் அந்த அளவில் இப்போது சாதாரணம். அண்மை ஆண்டுகளில் இருட்டில் விலங்கைக் கண்டுபிடிக்கும் வேலையை வெப்பப் படக்கருவிகள் பெருமளவு எடுத்துக்கொண்டிருக்கின்றன. கொம்பின் கிளைகளை எண்ணும், வயதைக் கணிக்கும் வேலை இன்னமும் கண்ணாடி வில்லையிடமே இருக்கிறது.