மண்ணுக்கு மீளும் மணிச்சத்து

தஞ்சைத் தரணியில் அறுவடை முடிந்தபின் நிகழும் காட்சியொன்றை நம்முள் முதியோர் பலர் அறிவர். இராமநாதபுரச் சீமையிலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டி வருவர். உழவர் அவர்களை அழைத்துத் தம் வயலில் இரவுதோறும் கிடை போடச் செய்வர். கோடையில் ஏரி வறண்டதும் அதன் வண்டலை வண்டியேற்றி வயலில் பரப்புவர். நாம் வாழும் தெலுங்கானாவிலும் இவ்விரு வழக்கங்களும் உண்டு. 2015ஆம் ஆண்டில் இங்குத் தொடங்கிய மிஷன் காகதீயத் திட்டத்தில் ஏரி வண்டல் வயல்களுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. இவற்றால் நிலம் பெறும் செல்வங்களுள் ஒன்று மணிச்சத்து. வேர் ஓடவும் கதிர் மணி பிடிக்கவும் இன்றியமையாத அதனை அறிவியலார் பாஸ்பரஸ் என்பர்.

அதன் வரலாறு வியப்புக்குரியது. 1669ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்னும் இரசவாதி, பொன் பெறும் ஆசையால் சிறுநீரைச் சுண்டக் காய்ச்சி, எஞ்சியதை நெருப்பிலிட்டார். பொன் கிட்டவில்லை, இருளில் ஒளிரும் பொருளொன்று கிட்டியது. அதுவே பாஸ்பரஸ். ஆகவே மனிதன் இதனை முதன்முதல் பிரித்தெடுத்ததே கழிவிலிருந்துதான்! நூறாண்டு கழித்து, ஸ்வீடன் நாட்டு அறிஞர்களான கானும் ஷீலேயும் எலும்பிலும் அஃது உண்டெனக் கண்டனர். 1842ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் என்பார், எலும்பு முதலியவற்றைக் கந்தக அமிலத்தால் பக்குவப்படுத்திச் சூப்பர் பாஸ்பேட் உரம் செய்யக் காப்புரிமை பெற்றார். 1906ஆம் ஆண்டில் அவ்வுரத் தொழிலைப் பாரி கம்பெனியார் நம் இராணிப்பேட்டையில் தொடங்கினர்.

நாளடைவில் எலும்பின் இடத்தைப் பாஸ்பேட் பாறை பிடித்தது. அப்பாறையோ எல்லா நாட்டிற்கும் வாய்த்ததன்று. உலக இருப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு, மொராக்கோவிலும் அதனையடுத்த மேற்குச் சகாராவிலும் உள்ளது. இந்தியா தன் தேவையின் பெரும்பகுதிக்குக் கடல் கடந்து வரும் கப்பலையே நம்பி நிற்கிறது. காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்க ஆலையுண்டு. மணிச்சத்துக்கு அவ்வாறு காற்றில் இருப்பில்லை.

இத்துணை அரிதாகப் பெறும் பொருள் எங்கே போகிறது? வயலிலிருந்து தானியமாகவும் காய்கறியாகவும் நகரம் சேர்கிறது. பின்னர்க் குப்பையிலும் சாக்கடையிலும் கழிகிறது. உசேன் சாகரில் பாசி படர்வதற்குச் சாக்கடை வழியே வந்து சேரும் இச்சத்தும் ஒரு காரணமாகும். பயிரை வளர்க்க வேண்டியது பாசியை வளர்க்கிறது.

இவ்வழியைத் திருப்பும் முயற்சியொன்று நம் போவன்பள்ளியிலேயே நடந்தது. நாம் காய்கறி வாங்கும் டாக்டர் பி. ஆர். அம்பேத்கர் சந்தையில், இந்திய இரசாயனத் தொழில்நுட்பக் கழகம் வகுத்த முறையில் எரிவாயு நிலையம் அமைந்தது. அக்கழகம் 1944ஆம் ஆண்டில் ஐதராபாத் சமஸ்தானத்தின் ஆய்வுக்கூடமாகத் தோன்றியதாகும். நாளொன்றுக்குச் சுமார் 10 டன் காய்கறிக் கழிவிலிருந்து ஏறத்தாழ 500 யூனிட் மின்சாரம் பெறப்படுவதை 2021 ஜனவரியில் பிரதமர் தம் வானொலி உரையில் பாராட்டினார்.

மின்சாரத்தை யாவரும் போற்றினர். அதனினும் அரிய பயன் ஒன்றுண்டு. காற்றுப் புகாத கலத்தில் நுண்ணுயிர்கள் கழிவைச் செரிக்கும்போது மீத்தேனும் கரியமில வாயுவும் வெளியேறுகின்றன. அவ்வாயுக்களில் பாஸ்பரஸ் இல்லை. காய்கறியில் இருந்த மணிச்சத்து எஞ்சிய குழம்பிலேயே தங்கிவிடுகிறது. அக்குழம்பு வயலை அடைந்தால், மண் ஈந்தது மண்ணுக்கே மீளும்; சாக்கடையை அடைந்தால், விளக்கு எரிந்ததோடு சரி. பிராண்ட் பொன்னைத் தேடி ஒளியைக் கண்டார். நாமோ ஒளியைக் கண்ட மகிழ்ச்சியில் பொன்னை மறந்துவிடலாகாது.

இதில் நம் இல்லங்களுக்கும் பங்குண்டு. வாழைத்தோலையும் வெண்டைக்காம்பையும் பிளாஸ்டிக் பையோடு சேர்த்துக் கட்டி எறிந்தால், எந்தக் கலமும் அதனைச் செரிக்காது. தனியே பிரித்து வைத்தால் அது எருவாகும். முற்றத்துக் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் உணவாகும். கிடை போட்ட நம் முன்னோர் வேதியியல் கற்றவரல்லர். எனினும் நிலத்தினின்று கொண்டதை நிலத்துக்கே திருப்பித் தரும் நெறியை அறிந்திருந்தனர். ஊர் விட்டு ஊர் வந்த நாம், மொழியைக் காப்பது போலவே அந்நெறியையும் நம் மக்களுக்கு வழங்கிச் செல்வோமாக!