பழைய தொட்டி மண்

மாடித்தோட்டத்தில் ஒரு பருவக் காய்கறி எடுத்து முடித்த பை, தொட்டிகளில் மிஞ்சும் மண்கலவை. பலர் இதைச் செத்த மண் என்று கொட்டிவிடுகிறார்கள். சாவதென்னவோ அதன் ஒரு பகுதிதான். கலவையிலுள்ள தென்னை நார்க்கழிவு மட்கி அமுங்குகிறது, காற்றோட்டம் குறைகிறது, தழைச்சத்து தீர்கிறது. உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றிய தொட்டிகளில் வெள்ளையாக உப்பும் பூக்கும்.

இதை மீட்க முதல் வேலை, கொட்டிக் கிளறி வேர்களைப் பார்ப்பது. தக்காளி, கத்தரி, வெண்டை வேர்களில் மணி மணியாக முடிச்சு இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அவரைக் குடும்பச் செடியின் வேரில் உரசினால் உதிரும் சிறு முடிச்சோ நன்மை செய்யும் பாக்டீரியாவின் வீடு, பதற வேண்டாம்.

நோய் கண்ட மண்ணுக்கு வெயிலே மருந்து. ஈரப்படுத்திய மண்ணை மெல்லிய அடுக்காகப் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் இறுக மூடி, 4 முதல் 6 வாரம் விட வேண்டும். இந்த முறையை இஸ்ரேலிய ஆய்வாளர் யாக்கோவ் கட்டான் குழு 1976-இல் விவரித்தது. சித்திரை வெயில் கொளுத்தும் தமிழகத்தில் இதற்குச் செலவு தாள் ஒன்றுதான்.

உப்பு படிந்த மண்ணை மழைநீரில் அலசி வடியவிடலாம். பிறகு மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நன்மை செய்யும் பூஞ்சையான டிரைகோடெர்மாவை வெயில் சிகிச்சைக்குப் பின்பே கலக்க வேண்டும். முன்பே கலந்தால் அதுவும் வெந்துபோகும்.

தக்காளி இருந்த பையில் மிளகாயோ கத்தரியோ வைப்பது ஒரே குடும்பத்துக்குள் நோயைக் கைமாற்றுவது. அங்கே கீரையோ கொத்தவரையோ விதைக்கலாம்.