எழுத்து என்பது முதலில் படம்

மறையூர்ச் சந்தனக் காட்டினுள் தொல்லோவியங்கள் கொண்ட பாறைக்குகை ஒன்று உள்ளது. அவ்வட்டார மக்கள் அதனை ‘எழுத்துக்குகை’ என்று வழங்குகின்றனர். அங்கே தீட்டப்பட்டிருப்பவை விலங்குருவங்களும் மனித உருவங்களுமே. இருந்தும் அதன் பெயர் எழுத்துக்குகைதான். மறையூர், காந்தலூர், காரையூர், கீழாந்தூர், கொட்டக்குடி என்னும் ஐந்து ஊர்களும் சேர்ந்தது அஞ்சுநாடு. இன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் அமைந்த இம்மலைநாட்டின் பழங்குடி ஊர்கள் தமிழ் பேசுபவை. (சோழர் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலைக்கும் இந்தக் காந்தலூருக்கும் தொடர்பில்லை, அது திருவனந்தபுரம் பக்கத்தது. இரண்டையும் குழப்பும் பதிவுகளை அடிக்கடி காண்கிறேன்.)

குழந்தைகளுக்கான படக்கதை நூல் எவ்வாறு உருவாகிறது என்பதைப் பற்றிய இப்பதிவைக் குகையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் அந்தப் பெயரே. பழந்தமிழில் ‘எழுதுதல்’ என்பது வரைதலையும் தீட்டுதலையும் குறித்தது. மகளிர் மேனியில் தொய்யில் எழுதினர். கண்ணுக்கு மை எழுதினர். மடலேறத் துணிந்தவன் தலைவியின் உருவைக் கிழியில் எழுதினான். தமிழில் பெரிதும் மங்கிவிட்ட இப்பொருள் மலையாளத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. தரையில் வண்ணப்பொடியால் தெய்வ உருவை வரைவதற்கு அங்கே ‘களமெழுத்து’ என்று பெயர். வரைந்த களத்தின் முன் அத்தெய்வத்தின் கதையைப் பாடுவர். முடிவில் களத்தை அழித்துவிடுவர்.

படத்தைக் கதையாகப் படிக்கும் வழக்கத்திற்குத் தமிழில் மிகப் பழைய சான்று பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல். நப்பண்ணனார் பாடியது. திருப்பரங்குன்றத்துக்கு வந்த மக்கள் அங்குள்ள ஓவியங்களைச் சுட்டி இவர் யார், இது என்ன என்று வினவுகின்றனர். உடன் வந்தோர் விடை சொல்கின்றனர். காமனும் இரதியும், பூனை வடிவெடுத்த இந்திரன், அகலிகை, சினங்கொண்ட கௌதமன் என்று கதை படம் படமாக விரிகிறது. மடியில் குழந்தையை இருத்திப் படநூலைப் புரட்டும் எவருக்கும் இக்காட்சி புதிதன்று. விரல் நீட்டிக் கேட்பவர் ஒருவர், சொல்பவர் ஒருவர், நடுவில் படம்.

ஐரோப்பியர் தங்கள் படநூல் வரலாற்றைக் கொமேனியசு 1658-இல் நியூரம்பர்க்கில் வெளியிட்ட படப் பாடநூலிலிருந்து தொடங்குவர். நமது அச்சு மரபில் படம் நெடுங்காலம் சொல்லுக்குப் பின்னாலேயே நடந்தது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது, அழ. வள்ளியப்பாவின் தலைமுறை தமிழ்க் குழந்தைக்குத் தந்தவை செவிக்கான பாடல்கள். அவை இல்லாமல் நம்மில் பலருக்குத் தமிழே நாவில் ஏறியிராது. ஆயினும் பாட்டு முழுமையாக எழுதப்பட்ட பிறகே ஓவியர் அழைக்கப்பட்டார். அவர் பெயர் உள்பக்கத்தின் மூலையில் இடம்பெற்றால் அதுவே மிகுதி. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவில் படங்களுக்குப் பேரிடம் கிடைத்தது. சங்கர், வபா போன்ற ஓவியர்களின் கைவண்ணத்துக்காகவே அதனை வாங்கியோர் பலர். மாஸ்கோவிலிருந்து வந்து நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியே பரவிய சோவியத் நூல்கள், படம் பக்கம் முழுவதையும் ஆளலாம் என்று காட்டின.

படநூல் எழுதுவோருக்குக் கடினமான வேலை சொற்களை நீக்குவது. யானை மழையில் நனைவதைப் படம் காட்டிவிட்டால் ‘யானை மழையில் நனைந்தது’ என்ற தொடருக்கு அங்கே வேலையில்லை. யானை எதை நினைத்தது, அல்லது மழை எப்படி ஒலித்தது என்பதைச் சொல்லலாம். ஒன்றும் சொல்லாமலும் விடலாம். தாளை மடித்து அச்சிடுவதால் பக்கங்கள் பெரும்பாலும் 16, 24, 32 என்ற கணக்கில் அமைகின்றன. அதற்குள் கதையை எங்கே நிறுத்தித் தாளைப் புரட்டவைப்பது என்பதே கட்டமைப்பு. ஆதலால் நல்ல படநூலாசிரியர் முதலில் கட்டங்கள் வரைந்து, சிறு மாதிரி நூல் ஒன்றை மடித்துத் தைத்து, அதனை உரக்கப் படித்துப் பார்க்கிறார். பல மொழிகளில் ஒருசேர வெளியிடும்போது இன்னொரு சிக்கல் எழும். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா ஒன்பது மொழிகளில் நூல் வெளியிடுகிறது. ஓவியம் எல்லா மொழிக்கும் ஒன்றே; மாறுவது சொற்பகுதி மட்டும். ஆங்கிலத்தின் குட்டிச் சொற்களுக்கு விட்ட வெற்றிடத்தில் ‘ஓடிக்கொண்டிருந்தது’ என்பதை உடைக்காமல் அமர்த்துவது மொழிபெயர்ப்பாளரின் தலைவலி. தமிழ்ப் படநூல்கள் சிலவற்றில் எழுத்துகள் நெரிசலில் நிற்பதன் காரணம் இதுவே என்பது என் துணிபு.

இந்த வரிசையைத் தலைகீழாக்கி, படத்திலிருந்து சொல்லுக்குச் சென்ற முயற்சிகளில் முதன்மையாகக் கருதத்தக்கது 1994-இல் சென்னையில் கீதா உல்ஃப் தொடங்கிய தாரா பதிப்பகத்தின் பணி. வார்லி ஓவிய நடையில் இந்திரபிரமித் ராய் வரைந்த பசித்த சிங்கத்தின் கதை, பட்டுத்திரை அச்சில் கையால் உருவாக்கப்பட்டது. பிராங்க்பர்ட் புத்தகக் கண்காட்சியில் அதன் மாதிரியைக் கண்ட கனடியப் பதிப்பகம் ஒன்று 8,000 படிகள் கேட்டது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்திரை. ஒவ்வொரு தாளும் கையால் இழுக்கப்பட வேண்டும். விளையாட்டாகத் தொடங்கியது தொழிற்கூடமாயிற்று.

அடுத்து வந்ததே எனக்கு முக்கியமாகப் படுகிறது. மத்தியப் பிரதேசத்தின் பாடன்கர் என்னும் கோண்டுச் சிற்றூரைச் சேர்ந்த பஜ்ஜு ஷியாம், 2002-இல் லண்டன் உணவகம் ஒன்றின் சுவர்களுக்கு ஓவியம் தீட்டச் சென்றார். திரும்பியபின் தாம் கண்டவற்றை வாய்மொழியாகச் சொன்னார், வரைந்தார். பதிப்பாசிரியர்கள் கேட்டனர், பதிந்தனர், சொற்களாக்கினர். 2004-இல் வந்த அந்த லண்டன் நூலில் பாதாள ரயில் மண்புழுவாக நெளிகிறது. பிக் பென் கடிகாரம் சேவலாக நிற்கிறது, ஏனெனில் கோண்டு மரபில் நேரத்தின் அடையாளம் சேவல். கிப்ளிங் இந்தியக் காட்டை எழுதினார். காட்டிலிருந்து வந்தவர் லண்டனை எழுதிவிட்டார். 2006-இல் துர்கா பாய், ராம்சிங் உர்வேதி ஆகியோருடன் அவர் படைத்த, இரவில் மரங்கள் கொள்ளும் உருவங்களைப் பற்றிய நூல், கறுப்புத் தாளில் கையால் அச்சிடப்பட்டது. 2008-இல் பொலோனா ரகாட்சி விருதுகளுள் ‘புதிய தொடுவானங்கள்’ பிரிவின் பரிசை அது பெற்றது. கறுப்புத் தாளை அழகுக்காக மட்டும் தேர்ந்தெடுத்ததாக எண்ணுவது தவறு. இரவே அக்கதைகளின் களம். வெள்ளைத் தாளில் அவற்றைச் சொல்ல இயலாது. தாளின் நிறமும் இங்கே ஒரு சொல்லாகிவிடுகிறது.

இந்நூல்கள் ஓவியர்களை ஆசிரியர்களாக அட்டையில் பெயரிட்டன. ‘பழங்குடி ஓவியம்’, ‘வாய்மொழிக் கதை’ என்ற சொற்களின் அடியில் எத்தனை பெயர்கள் புதைந்தன என்பதை நாட்டார் வழக்காற்றுத் துறையில் இருப்போர் அறிவர். கதை சமூகத்தினுடையது என்பது உண்மை. ஆனால் குறிப்பிட்ட அந்தக் கோட்டை இழுத்தது குறிப்பிட்ட ஒரு கை. அழிக்கப்படும் களமெழுத்தில் கையொப்பம் தேவைப்படாதிருக்கலாம். விலை போட்டு விற்கப்படும் நூலில் அது உரிமை, ஊதியம், புகழ் மூன்றுக்கும் ஆதாரம். பஜ்ஜு ஷியாமுக்கு 2018-இலும் துர்கா பாய்க்கு 2022-இலும் பத்மஸ்ரீ கிடைத்ததில் அட்டையில் இருந்த பெயருக்கும் பங்குண்டு என்றே கருதுகிறேன்.

இனி அஞ்சுநாட்டுக்கு வருவோம். காந்தலூரைச் சூழ்ந்த மலைக்குடிகளில் வாழும் முதுவர்களின் பேச்சு தமிழுக்கு மிக நெருக்கமானது. தனக்கென வரிவடிவம் இல்லாதது. பள்ளியில் அவர்தம் குழந்தைகள் சந்திக்கும் மொழியோ பாடநூல் மலையாளம் அல்லது பாடநூல் தமிழ். இரண்டுமே வீட்டுமொழி அல்ல. சொல் குறைந்த, அல்லது சொல்லே இல்லாத படநூல் இத்தகைய வகுப்பறைக்குத் தரும் வசதியைப் பாடநூல் தராது. குழந்தை தன் பேச்சில் கதையைச் சொல்லிக்கொள்ளலாம்; திருத்துவதற்கு அங்கே அச்சிட்ட தொடர் இராது.

மதுரையிலிருந்து மலையேறியபோது முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் எனப் பெயர் பெற்றோம் என்பது அவர்களது மரபுக்கதை. எதைச் சுமந்தனர் என்பதில் வழக்குகள் வேறுபடுகின்றன. குழந்தைகளை என்பது ஒன்று. மீனாட்சியம்மன் திருவுருவை என்பது மற்றொன்று. கட்டுரை எழுதுபவன் இரண்டையும் அடுத்தடுத்துக் குறித்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். படநூலில் அது நடவாது. முதுகின் மேல் ஏதேனும் ஒன்றை வரைந்தே ஆகவேண்டும். சென்னையிலோ கொச்சியிலோ இருக்கும் ஓவியர் ஒருவர் வரைந்தால், எது ‘உண்மையான’ கதை என்பதை ஊரைக் கேளாமலே அவர் தீர்ப்புச் சொன்னதாகிவிடும். அக்குடிகளில் ஒருவரே வரைவாராயின், தன் பாட்டி சொன்னதை வரைவார். அடுத்த குடியில் இருப்பவர் தன் பாட்டி சொன்னதை வரைவார். ‘முதுகில் சுமந்து மலையேறினோம்’ என்ற ஒரே தொடர் இரு நூல்களுக்கும் போதும். அட்டையில் மட்டும் இரண்டு வேறு பெயர்கள் இருக்கும்.